கை முந்தும் பிள்ளை: ஒன்றாம் வகுப்பில் அவசரப்படும் குழந்தைக்கு உதவ ஒரு வழிகாட்டி

பள்ளியிலிருந்து முதல் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். "உங்கள் மகன் வரிசையில் முன்னால் நின்ற பிள்ளையைத் தள்ளிவிட்டான்." "கேள்வியை முடிப்பதற்குள் பதிலைக் கத்திவிடுகிறான்." "பக்கத்துப் பிள்ளையின் ரப்பரைக் கேட்காமல் எடுத்துவிட்டான்." அன்று இரவு வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளையை உட்காரவைத்து அரைமணி நேரம் அறிவுரை சொல்வீர்கள். அவன் தலையாட்டுவான். "இனிமே செய்ய மாட்டேன்மா" என்பான். மனதாரத்தான் சொல்வான். மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடியும் தள்ளிவிடுவான்.

நான் சிங்கப்பூரில் ஒரு தொடக்கப்பள்ளியில் பல ஆண்டுகளாகத் தமிழ் சொல்லித்தருகிறேன். அந்த அழைப்பு முதல்முறையாக வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து அண்மையில் வந்து, இங்குள்ள பள்ளி நடைமுறை இன்னும் பிடிபடாதவர்களையும் மனதில் வைத்திருக்கிறேன். 'அவன்' என்று எழுதினாலும் பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அவர்களிடம் இதே அவசரம், பேச்சில் குறுக்கே விழுவதாகவும் நொடியில் தோழியோடு சண்டை போடுவதாகவும் வெளிப்படலாம். 'வாயாடி' என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

முதலில், என்ன நடக்கிறது என்று பார்ப்போம்

தமிழ்ப் பாடவேளைக்கு நான்கைந்து வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் பிரிந்து வருவார்கள். சீனம், மலாய் படிப்பவர்கள் ஒரு பக்கம் போக, நம் பிள்ளைகள் வரிசையாக மாடிப்படியில் இறங்கித் தமிழ் அறைக்கு வர வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்த வரிசையின் நடுவில் வந்துகொண்டிருந்தான். முன்னால் போன பிள்ளையின் பையில் ஒரு சாவிக்கொத்துப் பொம்மை ஆடிக்கொண்டிருந்தது. இவன் கை போனது, இழுத்தது, அந்தப் பிள்ளை இரண்டு படி சறுக்கி உட்கார்ந்துவிட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது இவன் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏன் இழுத்தாய்?" என்று கேட்டேன். "தெரியல டீச்சர்" என்றான்.

அதை நான் அப்போது பொய் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு தவணைகள், அதாவது இரண்டு பள்ளிப் பருவங்கள், அவனை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவன் சொன்னது உண்மை. நினைப்புக்கும் செயலுக்கும் நடுவே நமக்கெல்லாம் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். 'இழுத்தால் விழுந்துவிடுவானே' என்ற எண்ணம் அந்த இடைவெளியில்தான் வரும். அவசரக்காரப் பிள்ளைக்கு அந்த இடைவெளி மிகச் சிறியது. கை முந்திவிடும், யோசனை பின்னால் வரும். விதி தெரியாததால் செய்வதில்லை. கேட்டுப் பாருங்கள், விதியை உங்களைவிடத் தெளிவாகச் சொல்வான்.

நிறுத்து, பொறு, யோசி என்று சொல்லும் வேலையை மூளையின் முன்பகுதி செய்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் மூளையில் கடைசியாக முதிரும் பகுதிகளில் அதுவும் ஒன்று. இருபது வயது தாண்டியும் வளர்கிறது. கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் கொண்ட ஏடிஎச்டி என்ற நிலை இருக்கும் பிள்ளைகளிடம் அது இன்னும் தாமதமாகலாம். அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வுக்கழகம் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மூளையின் வெளிப்படலமான புறணியின் வளர்ச்சியில் ஒரு கட்டத்தை மற்றப் பிள்ளைகள் சுமார் ஏழரை வயதில் எட்ட, ஏடிஎச்டி உள்ளவர்கள் சுமார் பத்தரை வயதில்தான் எட்டினார்கள். மூன்று ஆண்டுத் தாமதம், ஆனால் வளர்ச்சியின் வரிசை அதேதான். அவசரப்படும் எல்லாப் பிள்ளைக்கும் ஏடிஎச்டி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆறு வயதில் பொறுமை குறைவாக இருப்பது இயல்பும்கூட.

இதிலிருந்துதான் மற்றதெல்லாம் வருகிறது. தடுமாற்றம் காலை பத்து மணிக்கு மாடிப்படியில் நடக்கிறது, அறிவுரையோ இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைக்கிறது. உதவியும் அந்தப் பத்து மணிக்கு, அந்த மாடிப்படியிலேயே இருந்தால்தான் அவனுக்குப் பயன்படும்.

படி ஒன்று: இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. வீட்டில் நடப்பதை நீங்கள் எழுதுங்கள். பள்ளியில் நடப்பதை வகுப்பாசிரியரிடம் கேட்டுச் சேருங்கள். 'ஏன் செய்தான்' என்ற கட்டம் வேண்டாம். அது உங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

ஒரு தாய் இப்படி ஒரு தாளைக் கொண்டுவந்தார். "நாள் முழுக்கச் சேட்டை டீச்சர்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். தாளைப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே மூன்று இடங்களில்தான்: தமிழ் வகுப்புக்கு நடக்கும்போது, கேன்டீன் வரிசையில், பள்ளிப் பேருந்தில். ஓவிய வகுப்பில் ஒன்றுகூட இல்லை. 'நாள் முழுக்க' என்பது மூன்று இடமாகச் சுருங்கியதும் அந்த அம்மாவின் முகமே மாறியது. மூன்று இடத்துக்கு ஏற்பாடு செய்துவிடலாம்.

பிப்ரவரியில் ஏன் அழைப்பு வருகிறது என்பதற்கும் அந்தத் தாளில் விடை கிடைக்கலாம். பள்ளியாண்டு தொடங்கும் ஜனவரியில் பல பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மூத்த மாணவர் ஒருவர் துணையாக வருவார். இடைவேளையில் கைபிடித்துக் கேன்டீனுக்கு அழைத்துப்போய், வரிசையில் கூடவே நின்று, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கித் தருவார். அந்தத் துணை விலகியதும்தான் பிள்ளை தனியாக நிற்கிறான். பாலர் பள்ளியில் சிறு குழுவில் இருந்தவனுக்கு இங்கே வகுப்பில் 30 பேர் வரை இருப்பார்கள்.

எழுதும்போது தூக்கத்தையும் குறித்து வையுங்கள். பேருந்துக்காக ஐந்தே முக்காலுக்கு எழும் பிள்ளை இரவு பத்தரைக்குப் படுத்தால், அவனுக்குக் கிடைப்பது ஏழே கால் மணி நேரம். இந்த வயதில் ஒன்பது மணி நேரமாவது வேண்டும். தூக்கம் குறைந்த பிள்ளையும் ஏடிஎச்டி உள்ள பிள்ளையும் வகுப்பில் பார்க்க ஒரே மாதிரி இருப்பார்கள். கண், காது பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். வீட்டில் புதுப்பாப்பா, வீடு மாறியது, பார்த்துக்கொண்ட பாட்டி ஊருக்குத் திரும்பியது போன்ற மாற்றம் ஏதாவது இருந்தால் அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

படி இரண்டு: வகுப்பாசிரியரிடம் போய்ப் பேசுங்கள்

பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பள்ளி அலுவலகத்துக்கு அழைத்தோ மின்னஞ்சல் அனுப்பியோ அரைமணி நேரம் கேளுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் பிள்ளையைப் பற்றி யாராவது எழுதினால் அங்கே பதில் சொல்லாதீர்கள். அதனால் நல்லது நடந்து நான் பார்த்ததே இல்லை.

பேச்சை எப்படித் தொடங்குவது என்பது முக்கியம். "என் பிள்ளை வீட்டில் அப்படியில்லையே" என்று தொடங்கினால் ஆசிரியர் தம்மைக் காத்துக்கொள்ளத் தொடங்குவார். "அவனை எப்படியாவது அடக்குங்கள், அடித்தாலும் பரவாயில்லை" என்று தொடங்கும் அப்பாக்களும் உண்டு. ஊர்ப் பழக்கம். இங்கே வகுப்பாசிரியர் கை நீட்ட மாட்டார், அவரிடம் அதைக் கேட்பதும் சங்கடம். நீங்கள் எழுதிய தாளை மேசையில் வைத்து, "இந்த மூன்று இடத்தில் தடுமாறுகிறான். முதலில் எதைச் சரிசெய்யலாம்?" என்று கேளுங்கள். ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நேரத்தில் ஐந்தைத் திருத்தப் போனால் எதுவும் நடக்காது.

தமிழாசிரியரையும் மறக்காதீர்கள். நம் வகுப்பில் பெரும்பாலும் பிள்ளைகள் குறைவு, ஒவ்வொருவரையும் நெருக்கமாகப் பார்க்கிறோம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை தமிழ் அறைக்குள் வந்ததும் மனம் விட்டுப் பேசுவான். வகுப்பாசிரியருக்குத் தெரியாத சில விஷயங்கள் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

படி மூன்று: தடுமாறும் இடத்திலேயே உதவியை வையுங்கள்

அந்த மாடிப்படிப் பையனுக்கு வருவோம். மூன்றாம் தவணையில் ஒரு மாற்றம் செய்தோம். வகுப்பில் பிள்ளைகள் எழுதிக் காட்ட, கையகலச் சின்ன வெள்ளைப் பலகைகள் இருக்கும். அந்தக் கூடையைத் தமிழ் அறைக்குக் கொண்டுவரும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். வரிசையில் முதல் ஆள், இரண்டு கையிலும் கூடை. இழுக்கக் கை இல்லை, கண்ணுக்கு முன்னால் ஆடும் பொம்மையும் இல்லை. அந்தத் தவணையில் படியில் யாரும் விழவில்லை. அவனுடைய குணம் ஒரே வாரத்தில் மாறிவிட்டதா என்றால், இல்லை. அவன் நிற்கும் இடத்தை மாற்றினோம், அவ்வளவுதான்.

பதிலைக் கத்துவதற்கும் அதே பலகைதான். கேள்வி கேட்டதும் எல்லாரும் எழுதுங்கள், நான் 'காட்டு' என்றதும் தூக்குங்கள். கத்தும் வேகம் எழுதும் கைக்குப் போய்விடுகிறது. பலகை இல்லாத நேரத்தில் அவனுக்கும் எனக்கும் ஒரு ரகசிய ஒப்பந்தம் இருந்தது. ஒரு கையைத் தூக்கி, மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கண் இரண்டும் பிதுங்கும். நான் அவனைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினால் 'பார்த்துவிட்டேன், உன் முறை வரும்' என்று பொருள். அந்த விரலைப் பார்த்ததும் அவன் தோள் தளர்ந்து இறங்கும். தன்னைக் கவனித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் பாதிப் பொறுமை தானாக வந்துவிடுகிறது.

இப்படி நீங்கள் ஆசிரியரிடம் கேட்கக்கூடியவை நிறைய உண்டு. ஆசிரியர் நடமாடும் இடத்துக்குப் பக்கத்தில், கதவுக்கும் சன்னலுக்கும் தள்ளி ஓர் இருக்கை. வரிசையில் முதல் இடம் அல்லது கடைசி இடம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க ஒரு வேலை: நோட்டுப் புத்தகம் சேகரிப்பது, பலகையைத் துடைப்பது. பள்ளிப் பேருந்தில் ஓட்டுநர் அங்கிளுக்குப் பின் இருக்கை. இதற்கெல்லாம் யாருடைய அனுமதிக் கடிதமும் வேண்டாம், மருத்துவச் சான்றும் வேண்டாம். ஒன்றை மட்டும் அழுத்திக் கேளுங்கள்: தண்டனையாக இடைவேளையைப் பறிக்க வேண்டாம் என்று. ஓடி ஆட வேண்டிய பிள்ளையை அந்த அரைமணி நேரம் உட்காரவைத்தால் அதற்கடுத்த பாடத்தில் அவனும் தவிப்பான், ஆசிரியரும் தவிப்பார்.

சொல்லும் விதத்திலும் ஒன்று உண்டு. 'தள்ளாதே' என்றால் கைக்கு வேலை எதுவும் கிடைப்பதில்லை. 'பை வாரைப் பிடி' என்றால் கிடைக்கிறது. 'ஓடாதே' என்பதைவிட 'சுவர் ஓரமாக நட' என்பது எளிது. வீட்டிலும் பள்ளியிலும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்வதை நீங்கள் தமிழில் சொன்னால் போதும், பிள்ளை இரண்டையும் சேர்த்துக்கொள்வான்.

படி நான்கு: வீட்டில் ஒத்திகை

பொறுத்திருப்பதை வாயால் கற்றுத்தர முடியாது, பழக்கித்தான் தர வேண்டும். அதற்குத் தனியாக வகுப்பு தேவையில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கி வரும்வரை நிற்கிறீர்கள் அல்லவா? பொத்தானை ஒரே ஒருமுறை அழுத்திவிட்டு, கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு காத்திருப்பது ஒரு விளையாட்டு. சாலையைக் கடக்கும் இடத்தில் பச்சை மனிதன் வரும்வரை சிலையாக நிற்பது இன்னொன்று. தாத்தா பாட்டி இருந்தால் தாயமும் பரமபதமும் எடுக்கச் சொல்லுங்கள். முறை மாறி முறை உருட்டுவதும், பாம்பு கடித்தால் கோபத்தில் பலகையைக் கவிழ்க்காமல் இருப்பதும் இந்தப் பிள்ளைக்குப் பெரிய பயிற்சி. ஆட்டம் பத்து நிமிடம் போதும்.

காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கவையுங்கள்: "வரிசையில் நின்றதும் பை வாரைப் பிடிப்பேன்." சும்மா சொன்னால் போதாது, வாசலில் நின்று செய்தும் காட்டட்டும்.

பாராட்டு உடனே வர வேண்டும். "இந்த மாதம் முழுக்கச் சமர்த்தாக இருந்தால் செந்தோசா போகலாம்" என்ற பேரம் அவசரக்காரப் பிள்ளையிடம் செல்லாது. மாதக் கடைசி அவனுக்கு வேறு உலகம். "இப்போ நான் போனில் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாம இருந்தே, பார்த்தேன்" என்று அந்த நொடியில் சொல்வதும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவதும் வேலை செய்யும். எதற்காகப் பாராட்டுகிறீர்கள் என்று பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். வெறும் 'குட் பாய்' அவனுக்கு ஒன்றும் சொல்வதில்லை.

அப்புறம், ரோத்தான் என்ற பிரம்பு. இந்த ஊரில் பல வீடுகளில் அது அலமாரி மேல் இருக்கிறது, எனக்குத் தெரியும். கையை முந்தவிடாமல் நிறுத்தும் திறனை அடி வளர்ப்பதில்லை. அடி வாங்கும் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறான் என்றால், ஆசிரியர் எழுதியனுப்பிய பக்கத்தை மறைக்கக் கற்றுக்கொள்கிறான். கிழித்துக் கழிப்பறையில் போட்டுவிட்டு வந்த பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். அதன்பின் பள்ளியில் என்ன நடக்கிறது என்றே வீட்டுக்குத் தெரியாமல் போய்விடும். தயவுசெய்து அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அதற்காக, செய்த தவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. தள்ளிவிட்ட பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், உடைத்ததை ஒட்டித்தர வேண்டும், கொட்டியதைத் துடைக்க வேண்டும். சீக்கிரம், சுருக்கமாக, அன்றைக்கே முடித்துவிடுங்கள். மறுநாள் காலை அதே பேச்சை மீண்டும் எடுக்காதீர்கள்.

படி ஐந்து: இவ்வளவு செய்தும் போதவில்லை என்றால்

ஒரு தவணை முழுக்க முயன்றும் மாற்றம் இல்லையென்றால் அடுத்த கதவைத் தட்டுங்கள். பள்ளியிலேயே ஆலோசகர் இருப்பார். சிறப்புக் கல்வித் தேவைகளைக் கவனிக்கும் அதிகாரியும் இருப்பார். முன்பு இவர்களைத் துணைக்கல்வியாளர் என்று அழைப்போம். ஒன்றாம் வகுப்பில் சமூகப் பழக்கத்திலும் நடத்தையிலும் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு 'டிரான்சிட்' என்ற திட்டத்தைக் கல்வி அமைச்சு கொண்டுவந்திருக்கிறது. சிறு குழுவில் வைத்து, காத்திருப்பது, உதவி கேட்பது, கோபத்தைக் கையாள்வது போன்றவற்றைச் சொல்லித்தருவார்கள். 2026க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் என்பது அமைச்சின் திட்டம். உங்கள் பள்ளியில் கேளுங்கள். பெயர் கெட்டுவிடும் என்று பயந்து மறுக்கும் பெற்றோர் உண்டு. அந்தக் குழுவுக்குப் போகும் பிள்ளைகள் மற்றவர்கள் நினைப்பதுபோல் வெட்கப்படுவதில்லை, ஆர்வமாகத்தான் போகிறார்கள்.

மருத்துவரிடம் எப்போது போவது? ஏடிஎச்டி என்று சொல்ல மருத்துவர்கள் பார்ப்பவற்றில் முக்கியமானவை இவை: அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், பள்ளி, வீடு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். நீங்கள் எழுதிவைத்த தாள் இங்கே பெரிதும் உதவும், மறக்காமல் எடுத்துப்போங்கள்.

பாலிகிளினிக் எனப்படும் அரசுப் பலதுறை மருந்தகத்துக்குப் போய் மேற்சிகிச்சைக் கடிதம் வாங்கிக்கொண்டு சிறப்பு மருத்துவரிடம் போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணச் சலுகை கிடைக்கும். நேரே போனால் முழுக் கட்டணம். பள்ளிக்குப் போகும் முன் உள்ள சிறு பிள்ளைகளை கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ உள்ள குழந்தை வளர்ச்சிப் பிரிவில் பார்ப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநலக் கழகத்தின் சிறுவர் வழிகாட்டி மருந்தகம் உண்டு. பள்ளி ஆலோசகர் வழியாக 'ரீச்' என்ற சமூக மனநலக் குழுவின் உதவியும் கிடைக்கும். அது 2007இல் தொடங்கியது. காத்திருக்கும் காலம் சில மாதங்கள் ஆகலாம் என்பதால், சந்தேகம் இருந்தால் முதலில் பெயரைப் பதிந்துவிடுங்கள். காத்திருக்கும் நாட்களில் மேலே சொன்ன ஏற்பாடுகளைத் தொடருங்கள். குடும்பத்துக்குள்ளேயே நெருக்கடி என்றால் பீட்டி ரோட்டில் உள்ள சிண்டாவை, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தை அணுகலாம். அங்கே தமிழிலேயே பேசலாம்.

மருந்து என்றதும் பயம் வருவது இயல்பு. இங்கே பொதுவாகத் தரப்படுவது மெத்தில்ஃபெனிடேட். பெரும்பாலும் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே கொடுப்பார்கள். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். அதனால் மருத்துவர் எடை, உயரம், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் தொடர்ந்து பார்ப்பார். இட்லியோ தோசையோ வயிறாரச் சாப்பிட்ட பிறகு மாத்திரை, மதியம் குறைவாகச் சாப்பிட்டாலும் மாலையில் பசி திரும்பும்போது நல்ல சாப்பாடு என்று சமாளிக்கும் குடும்பங்கள் உண்டு. எல்லாருக்கும் மருந்து தேவைப்படாது. தேவை என்று மருத்துவர் சொன்னால், பக்கத்து வீட்டார் சொல்வதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடமே சந்தேகத்தைக் கேளுங்கள்.

படி ஆறு: ஆண்டு முடிவில் ஒரு தாள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓராண்டு பாடுபட்டு ஓர் ஆசிரியர் கண்டுபிடித்ததெல்லாம் ஜனவரியில் புது ஆசிரியருக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்பில் பிள்ளைகளைக் கலைத்துப் புது வகுப்புகளில் போடுவார்கள், வகுப்பில் 40 பேர் வரை இருக்கலாம். அதனால் நவம்பரிலேயே ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். எங்கே தடுமாறுவான், என்ன செய்தால் உதவும், என்ன செய்தால் மோசமாகும், அவன் எதில் கைதேர்ந்தவன். இவ்வளவு போதும். ஜனவரி முதல் வாரத்தில் புது வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள்.

கடைசி வரியை மட்டும் பிள்ளையிடமே எழுதச் சொல்லுங்கள். அந்த மாடிப்படிப் பையன் மூன்றாம் வகுப்புக்குப் போகும்போது தன் வரியை ஆங்கிலத்தில் எழுதி, எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினான்: "என்னை முதல் ஆளா, இல்லாட்டி கடைசி ஆளா நிக்க வைங்க டீச்சர். நடுவுல நின்னா கை போயிடும்."